எந்தச் சீனிவாசன்?

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, சென்னை மாகாணத்திலிருந்து போன இரண்டு சீனிவாசன்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வலங்கைமானில் பிறந்தவர், கோகலேவுக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவரானவர், ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போனவர். இன்னொருவர் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், 'பறையன்' என்று பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர், அம்பேத்கரோடு சேர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக வந்தவர்.

முன்னவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பின்னவர் இரட்டைமலை சீனிவாசன்.

இருவருக்கும் தென்னாப்பிரிக்கத் தொடர்பும் உண்டு. நம்மவர் 1900களின் தொடக்கத்திலேயே அங்கே போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். சாஸ்திரி 1927இல் இந்திய அரசின் முகவராக அங்கே போய் 1929 வரை இருந்தார். ஒரே மாகாணம், ஒரே பெயர், ஒரே மாநாடு, ஒரே அயல்நாடு. ஆனால் வரலாற்றில் இந்த இருவரும் நிற்கும் இடம் ஒன்றா?

சாஸ்திரியை என்னவென்று எழுதுகிறார்கள்? மிதவாதத் தலைவர், ராஜதந்திரி, கல்வியாளர். சீனிவாசனை? தலித் தலைவர். அத்தோடு முற்றுப்புள்ளி. 'பார்ப்பனத் தலைவர் சீனிவாச சாஸ்திரி' என்று எந்தப் பாடநூலாவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? 1926இல் குவாஹாட்டி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய எஸ். சீனிவாச அய்யங்காரை யாராவது 'அய்யங்கார் சமூகத் தலைவர்' என்று அறிமுகப்படுத்துகிறார்களா? சாதிப் பெயர் அவருடைய பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தும் அவர் தேசத் தலைவர். பெயரில் சாதி இல்லாத நம்மவருக்குத்தான் சாதியை முன்னால் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

ஒரே பெயருடைய இருவர் இருந்தால் குழப்பம் வராமல் இருக்க ஓர் அடையாளம் தேவைதான். யாருக்கு எந்த அடையாளம் கொடுக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. ஒருவருக்கு அவர் செய்த வேலை அடையாளமாகிறது. இன்னொருவருக்கு அவர் பிறந்த சேரி அடையாளமாகிறது. முன்னவர் எல்லோருக்கும் சொந்தக்காரர் ஆகிறார். பின்னவர் 'அவர்கள் ஆள்' ஆகிறார்.

'அவர்கள் ஆள்' செய்த வேலை என்ன? 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இங்கே நடத்தினால் பதவிகளை எல்லாம் ஆதிக்க சாதிகளே அள்ளிக்கொள்ளும், அந்த அதிகாரம் எங்கள் மக்கள் முதுகில்தான் ஏறும் என்று அவர் எதிர்த்தார். 112 அடி நீளமுள்ள மனுவில் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை ஒரு நாட்டின் நிர்வாக அமைப்பை நோக்கிக் கேட்ட மனு அது. 1924இல் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தெருவில் நடக்கும் உரிமை ஒரு சாதியின் பிரச்சினையா, குடிமக்கள் பிரச்சினையா? இதைச் செய்தவர் 'சமூகத் தலைவர்' என்றால், பொதுத் தலைவர் என்பவர் வேறு என்னதான் செய்ய வேண்டும்?

இன்னொரு பெயருக்கு வருவோம்: ராஜா. 1920களின் சென்னை மாகாண அரசியலில் ராஜாக்களுக்குப் பஞ்சமில்லை. 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்தவர் பனகல் ராஜா. அவருடைய சொந்தப் பெயர் ராமராயநிங்கார். 1932இல் முதலமைச்சரானவர் பொப்பிலி ராஜா. இவர்களுக்கு ராஜா என்பது பட்டம், ஜமீன், நிலம். அதே காலத்தில் அதே சட்டமன்றத்தில் இன்னொரு ராஜா இருந்தார். பரங்கிமலையில் பிறந்த பள்ளி ஆசிரியர், மயிலை சின்னத்தம்பி ராஜா, அதாவது எம்.சி. ராஜா. இவருக்கு ஜமீன் இல்லை. ராஜா என்பது அப்பா அம்மா வைத்த பெயர்.

'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து அரசாணை பிறக்கச் செய்தவர் இந்த ராஜா. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையே அரசு ஏட்டில் மாற்றியவர். பனகல் பெயரில் தியாகராய நகரில் பூங்கா இருக்கிறது, பேருந்தில் ஏறினால் நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறார். எம்.சி. ராஜாவை உங்கள் கல்லூரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பனகல் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வகுப்புரிமையும் அறநிலையச் சட்டமும் சாதாரண விஷயங்கள் அல்ல. ஆனால் நீதிக்கட்சி ஆட்சியை எழுதும்போது பட்டத்து ராஜாக்கள் அத்தியாயத்துக்குள்ளும், பெயரில் மட்டும் ராஜாவாக இருந்தவர் அடிக்குறிப்பிலும் நிற்பது ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

இது பார்ப்பனர்களும் ஜமீன்தார்களும் மட்டும் செய்த வேலை இல்லை. குருசாமி என்றால் முற்போக்கு வட்டாரத்தில் யார் நினைவுக்கு வருகிறார்? குத்தூசி குருசாமி. சுயமரியாதை இயக்கத்தின் கூர்மையான பேனா. 'குத்தூசி' என்ற அடைமொழி அவர் எழுத்திலிருந்தே வந்தது. அவருக்கு முன்பே, 1920களில் சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்து அருந்ததிய மக்களுக்காகப் பேசிய எல்.சி. குருசாமி இருந்தார். அந்தக் குருசாமிக்கு நம்முடைய மேடைகளிலேயே நாற்காலி இல்லை. தலித் வரலாறு என்று நாம் பேசுவதற்குள்ளும் சிலர் முதல் வரிசை, சிலர் கடைசி வரிசை. அருந்ததியத் தோழர்கள் இதைச் சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்க வேண்டிய இடம் இது.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும். "தமிழ்நாட்டில் யாரும் சாதிப் பெயர் போட்டுக்கொள்வதில்லையே, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே அதை ஒழித்துவிட்டோமே, பிறகு எதற்கு இந்தக் கணக்கு?" அந்தத் தீர்மானம் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பெயரின் வாலை வெட்டினோமே தவிர, பெயரைக் கேட்டதும் மனம் போடும் கணக்கை வெட்டவில்லை. வால் இல்லாத ஒரு 'சீனிவாசன்' கணித மேதையாகவோ பத்திரிகை ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ வந்தால், அவர் யாராக இருப்பார் என்று பொதுப்புத்தி தானாகவே முடிவு செய்துகொள்கிறது. அப்படி இல்லை, இவர் சேரியிலிருந்து வந்தவர் என்று தெரிந்த மறுகணம் 'தலித் எழுத்தாளர்', 'தலித் வழக்கறிஞர்' என்று ஒட்டுச்சீட்டு வந்துவிடுகிறது. ஆதிக்க சாதிக்காரர் வாலை வெட்டினால் பொதுமனிதர் ஆகிறார். நமக்கு வெட்ட வாலே இருந்ததில்லை, ஆனாலும் பொதுமனிதர் ஆக முடிவதில்லை.

"அப்படியானால் தலித் என்று சொல்லவே கூடாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். சொல்ல வேண்டும். சீனிவாசன் தன் பத்திரிகைக்கு வைத்த பெயரை மறந்துவிடாதீர்கள். எந்தச் சொல்லால் நம்மை இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்து விற்றவர் அவர். அயோத்திதாசர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை, 1907இல் தன் இதழுக்குத் 'தமிழன்' என்று பெயர் வைத்தார். எம்.சி. ராஜா 'ஆதிதிராவிடர்' என்றார். மூவரும் மூன்று பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள், தங்களுக்குள் முரண்பட்டார்கள். தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களே என்பதுதான் முக்கியம். தானே எடுத்துக்கொண்ட பெயர் ஆயுதம். அடுத்தவன் ஒட்டுவது எல்லைக்கல்.

பெயர் ஒற்றுமையை வைத்து நடக்கும் இன்னொரு வேலையையும் பார்த்துவிடுவோம். அம்பேத்கர் என்பது ஒரு பார்ப்பன ஆசிரியரின் பெயர், அன்பினால் அவர் தன் பெயரை மாணவனுக்குக் கொடுத்தார் என்ற கதை பள்ளிக்கூடம் முதல் வாட்ஸ்அப் வரை சுற்றுகிறது. மராத்தியில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வைப்பது வழக்கம் என்பதும், பாபாசாகேபின் பூர்வீக ஊர் ரத்தினகிரி பகுதியில் உள்ள அம்படவே என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்து சுற்றுவதில்லை. அந்த ஆசிரியர் அன்பானவராகவே இருக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் ஓர் ஆசிரியரின் அன்பை இவ்வளவு உரக்கச் சொல்கிறவர்கள், அதே மாணவன் வகுப்பில் தனியே சாக்கு விரித்து உட்கார்ந்ததையும், தண்ணீர்க் குழாயைத் தொட முடியாமல் தாகத்தோடு இருந்ததையும் ஏன் அதே குரலில் சொல்வதில்லை?

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நம் மண்ணிலேயே இருக்கிறது. 1845இல் பிறந்த காத்தவராயன் என்ற மாணவர், தனக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் மீதான மரியாதையால், ஆசிரியரின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். அவர்தான் நாம் அறிந்த அயோத்திதாசப் பண்டிதர். இரண்டு அயோத்திதாசர்கள் இருந்தார்கள். அந்த முதல் அயோத்திதாசரைப் பற்றி எந்த ஆசிரியர் தினத்தில் யார் பேசுகிறார்கள்? ஒரு பெயர்ப் பகிர்வு ஊரறிந்த கதையாகிறது, இன்னொன்று ஆய்வாளர்களோடு நின்றுவிடுகிறது.

இனி நம் வேலை. இரட்டைமலை சீனிவாசனுக்கு 2000இல் அஞ்சல்தலை வந்தது, கிண்டியில் மணிமண்டபமும் இருக்கிறது. கல்லும் தாளும் போதாது. நீங்கள் எழுதும் கட்டுரையில், ஒட்டும் சுவரொட்டியில், விக்கிப்பீடியாவில் திருத்தும் பக்கத்தில் சில வழக்கங்களைக் கொண்டுவாருங்கள். முதல் குறிப்பில் முழுப்பெயர் எழுதுங்கள். அடுத்து அவர் செய்த வேலையை எழுதுங்கள்: பத்திரிகையாளர், சட்டமன்ற உறுப்பினர், வட்டமேசைப் பிரதிநிதி. அதற்குப் பிறகு அவர் எந்த மக்களுக்காக நின்றார் என்று எழுதுங்கள். சாதியைச் சொல்வதென்றால் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு சீனிவாசனுக்குச் சாதி உண்டு, மற்றவருக்குக் கிடையாது என்ற எழுத்தை எங்கே பார்த்தாலும் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

அதோடு, அடுத்தவர் செய்ததை நம்மவர் கணக்கில் எழுதாதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று தேதியையும் படத்தையும் மாற்றிப் போட்டுப் பகிர்வதால் நாம் வளர மாட்டோம். ஒரு பிழையைக் காட்டி மொத்த வரலாற்றையும் பொய் என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் நிறைய பேர். நம்மவர் செய்த வேலையே நமக்குப் போதும். 112 அடி நீளம் இருக்கிறது, கடன் வாங்கத் தேவையில்லை.

அடுத்த முறை யாராவது மேடையில் "சீனிவாசன் வட்டமேசை மாநாட்டில் பேசினார்" என்று சொன்னால் கையைத் தூக்கிக் கேளுங்கள்: எந்தச் சீனிவாசன்?

ஜெய்பீம்.