வீரியம் இல்லாதது மாத்திரையா?

"கவர்மெண்ட் மாத்திரையில பவர் இல்ல." டீக்கடையில் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் ஓய்வறையிலும் சொல்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியதை அலமாரியில் போட்டுவிட்டு, அதே மருந்தை மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறவர்கள் ஏராளம். இவர்களேதான் புதன்கிழமை தவறாமல் அதே நிலையத்தில் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவருகிறார்கள். பெற்ற பிள்ளையை நம்பி ஒப்படைக்கிற இடத்தில் ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையை நம்ப முடியவில்லையாம்!

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்துக்கு வேண்டிய மருந்துகளை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவது அதன் வேலை. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் சரக்கு கிடங்கை விட்டு வெளியே போகும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. தவறே நடக்காது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கடைக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் நம் சார்பில் இப்படி யாரும் சோதிப்பதில்லை. மருந்து ஆய்வாளர் அவ்வப்போது எடுக்கும் மாதிரிகளோடு சரி.

பிறகு ஏன் இந்தச் சந்தேகம்? டெண்டர் வேறு கம்பெனிக்குப் போனால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். "மருந்து அதேதான்" என்று சொல்ல, நீண்ட வரிசைக்கு எதிரே நிற்கும் மருந்தாளுநருக்கு நேரமில்லை. வைரஸ் காய்ச்சல் எந்த மாத்திரைக்கும் பணியாமல் தன் நாளை எடுத்துக்கொண்டுதான் போகும். நான்காம் நாள் தனியார் கிளினிக்கில் போட்ட ஊசிக்குப் பெயர் கிடைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு இருபது நாள் விழுங்கிவிட்டு நிறுத்தியவரும் மாத்திரையைத்தான் பழிக்கிறார்.

இந்தப் பழிச்சொல் அரசுக்குப் பெரிய வசதி. பேசத் தெரிந்தவன் மெடிக்கலுக்குப் போய்விட்டால், சுகாதார நிலையங்களின் காலியிடங்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை. கிராமத்து நிலையங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநோயாளிப் பிரிவு மாலை நான்கு மணியோடு முடிகிறது. களையெடுக்கப் போனவள் ஒரு நாள் கூலியை விட்டால்தான் சீட்டு எழுத முடியும். நகரங்களில் 2023இல் திறந்த நலவாழ்வு மையங்கள் மாலையிலும் நோயாளிகளைப் பார்க்கின்றன. கிராமத்துக்கு மட்டும் ஏன் முடியாது? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்லதுதான். ஆனால் மாத்திரை கேட்டதா, அளவைக் கூட்ட வேண்டுமா என்று பார்க்க மருத்துவர் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆகவே சண்டையை மாத்திரையோடு போடாமல் சுகாதாரத் துறையோடு போடுவோம். மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் காலியிடங்களை நிரப்பச் சொல்வோம். மாலை நேரப் பிரிவைக் கேட்போம். எந்த பேட்ச் சோதனையில் தேறியது, எது தோற்றது என்ற பட்டியலை ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டச் சொல்வோம்; ஒட்டாத நிலையத்தைப் பற்றிக் கிராம சபையில் எழுந்து கேட்போம்.