கம்பளியும் காணியும்

மலையகத் தொழிலாளரின் வறுமைக்கு மருந்து கூற வரும் அன்பர்கள் சிலருக்குச் "சுயதொழில்" என்பது மந்திரமாகிவிட்டது. கோழி வளர்க்கச் சொன்னார்கள். காளான் வளர்க்கச் சொன்னார்கள். இப்பொழுது, செம்மறியாடு வளர்த்து, மயிர் கத்தரித்து, கையால் நூல் நூற்று, கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு விற்கலாமே என்கின்றனர். குளிர்ந்த மலை, ஆட்டுமந்தை, ராட்டை! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயின், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கம்பளியைப் பற்றி உபதேசிக்கப் புகுவோர், அவளுக்கும் கம்பளிக்கும் உள்ள பழைய உறவை முதலில் அறிந்துகொள்ளல் நன்று.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியே கண்டிச் சீமைக்கு நடந்த மக்களோடு கம்பளி என்ற சொல்லும் கடல் கடந்தது. துரைமாரின் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் அச்சொல்லே ஏறிற்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார், கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியது, கம்பளி மாறவில்லை. தோட்டம் அரிசி கொடுத்தது, கம்பளி கொடுத்தது. இனாமாகவா? இல்லை. கொடுத்ததன் விலை பற்றில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் வேறு. அக்கடனோடு தொழிலாளியைத் தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாற்றிய "துண்டு" முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. மழையைத் தடுத்த துணியே கூலியையும் கரைத்தது என்பதை நமது வரலாற்றுப் பாடநூல்கள் எத்தனை வரியில் சொல்கின்றன?

அந்தக் கம்பளியைச் செய்தவர் யார்? தென்னிந்தியாவிலே குறும்பர் முதலிய ஆட்டிடையர். மலையகத்தாரின் முன்னோர் பெருந்தொகையாகப் புறப்பட்ட திருச்சிச் சீமையிலே "திருச்சி கறுப்பு" என்னும் செம்மறி இன்றும் உண்டு. அதன் மயிர் முரடானது. மென்மையான சால்வைக்கு ஆகாது, கம்பளிக்கு ஆகும். இவ்வகை ஆடொன்று ஆண்டு முழுவதும் தரும் மயிர் ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை. ஆகவே ஒரு கம்பளிக்குப் பல ஆடுகள் வேண்டும். ஆட்டைக் குளத்தில் இறக்கிக் கழுவி, உலரவிட்டு, கத்தரியால் மயிரைக் களைவர். முள்ளையும் ஒட்டுப்புல்லையும் விரலாலேயே பொறுக்குவர். நாளை விழுங்கும் வேலை இது. பின்னர் வில்லின் நாணால் அடித்துச் சிக்கெடுத்து, பஞ்சுபோலாக்கிப் பெண்கள் நூற்பர். புளியங்கொட்டைக் கூழைப் பாவுக்குப் பசையாகத் தடவி ஆண்கள் நெய்வர். மயிரிலுள்ள கொழுப்பை முற்றாகப் போக்கிவிடாது நெய்தமையாலேயே கம்பளி மழைநீரை எளிதில் உள்ளே விடவில்லை. எந்தக் கல்லூரியும் பட்டமளிக்காத இந்த அறிவுக்குக் கிடைத்த கூலி அரைவயிற்றுக் கஞ்சி.

(தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. மதுரை அறுவை வீதியில் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் படிப்பிக்கிறோம். மாணவர் அதனை நகரின் செல்வச் சிறப்பென்று எழுதினால் முழுப் புள்ளி. மயிரைக் களைந்தவன் எவன் என்று வினாத்தாள் கேட்பதேயில்லை.)

இனி, கண்டிக்கு வருவோம். யாழ்ப்பாணச் செம்மறி வறண்ட நிலத்துக்கு ஏற்றது, இறைச்சிக்காக வளர்க்கப்படுவது, நூற்பதற்குரிய மயிர் அதனிடம் இல்லை. மயிர் தரும் பிறநாட்டு ஆட்டைக் கொணர்ந்தாலோ, ஈரநிலத்தில் குளம்பழுகலும் குடற்புழுவும் காத்திருக்கின்றன. மருத்துவத்தால் இவற்றை வெல்லலாம் என்பர். வெல்லலாம். பேராதனையிலே பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவ பீடம் இருக்கிறது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்களால் இயலாததன்று.

ஆனால் ஆடு எங்கே மேயும்?

உபதேசிகள் இவ்விடத்தில் மௌனிகளாகின்றனர். தோட்டக் காணிகள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. கண்டி மாவட்டத்திலே எழுபதுகளில் தோட்டத்தைவிட்டே துரத்தப்பட்ட குடும்பங்கள் பல. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மனிதர் படுக்கவே இடமில்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் தரப்பட்ட ஏழு பேர்ச்சசோ ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடு போக எஞ்சும் முற்றத்தில் மந்தையை மேய்த்துக் காட்டட்டும், பார்ப்போம்!

கைத்தொழிலை நாம் இகழ்வதாக எவரும் கொள்ள வேண்டா. ராட்டை என்றாலே பிற்போக்கு என்று முகம் சுளிக்கும் நமது தோழர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. நூற்பவளுக்கு மேய்ச்சல் நிலமும், சந்தையில் விலை கூறும் உரிமையும் இருக்குமானால் ராட்டையும் நல்ல கருவியே. அவை இரண்டும் இல்லாதவளிடம் ராட்டையைக் கொடுப்பது, குறைகூலியின் பழியைக் கம்பெனியின் தலையிலிருந்து இறக்கி அவள் தலையில் வைப்பதாகும். எட்டு மணி நேரம் மலையேறிக் கொழுந்து பறித்தவள் இரவிலே நூலும் நூற்கவில்லையே என்று நாளை அவளையே சோம்பேறி என்பார்கள்.

இன்று மலையில் கம்பளிக் கொங்காணி அருகிவிட்டது. பொலித்தீன் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கூடைக்கயிற்றை நெற்றியில் மாட்டுகிறார்கள். ஆடு வளர்க்கச் சொல்லும் அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ராட்டையின் படத்தைக் கொண்டுவர வேண்டாம். எத்தனை ஆட்டுக்கு எத்தனை ஏக்கர் என்ற கணக்கையும், அந்த ஏக்கரைத் தொழிலாளியின் பெயரில் எழுதிய உறுதியையும் கொண்டுவரட்டும்.