அவனுக்கு நல்லா வேணும்!

பி.காம் படிக்கும் எல்லோரும் வணிகச் சட்டத் தாளில் ஒரு குதிரை வண்டிக் கதையைப் படித்திருப்பார்கள். பியர்ஸ் எதிர் புரூக்ஸ், 1866. லண்டனில் வண்டி செய்து விற்பவர்கள், பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணுக்கு அலங்காரமான வண்டி ஒன்றைத் தவணைக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தொழில் என்ன, வண்டி எதற்கு என்பதெல்லாம் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். வண்டி சேதமாகித் திரும்பி வருகிறது. பேசிய பணம் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகிறார்கள், தோற்கிறார்கள். "சட்டவிரோத நோக்கம், ஆகவே ஒப்பந்தம் செல்லாது" என்று எழுதினால் மார்க் வந்துவிடும். அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்த வழக்கில் உண்மையில் ஜெயித்தது யார்? ஒழுக்கமா? அதுதான் இல்லை. பணத்தைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்தவர் ஜெயித்தார். சட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினால், யார் கையில் காசு இருக்கிறதோ அவர் பக்கம்தான் தீர்ப்பு!

நம் நாட்டில் இதே சங்கதி 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. நோக்கம் ஒழுக்கக்கேடானது என்றால் ஒப்பந்தம் செல்லாது. காசு வாங்கிக்கொண்டு துணைக்குப் போகும் ஆண், அதாவது ஆண் எஸ்கார்ட், அவருக்கும் அவரைக் கூப்பிட்டவருக்கும் நடுவில் பேசியது எதுவும் எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. பேசிய காசைக் கொடுக்காவிட்டாலும் சரி, வாங்கிக்கொண்டு வராமல் போனாலும் சரி. இரண்டு பேருக்கும் மிச்சம் இருப்பது எதிராளியின் மரியாதை மட்டும்தான்.

ஆண் எஸ்கார்ட் என்றதும் நம்ம ஊரில் முதலில் வருவது சிரிப்பு. "செம வேலைடா மச்சி, சந்தோஷமும் குடுத்து சம்பளமும் குடுக்கறாங்களா?" என்று கேட்காத ஹாஸ்டல் உண்டா? இந்தச் சிரிப்பை நம்பியே ஒரு மோசடித் தொழில் பல வருஷமாக ஓஹோவென்று நடக்கிறது. ரயில் கழிவறைக் கதவில் ஸ்டிக்கர், செய்தித்தாளில் வரி விளம்பரம், இப்போது வாட்ஸப், டெலிகிராம். "வசதியான பெண்களுக்கு ஆண் துணை தேவை, ஒரு நாளைக்கு பத்தாயிரம்." போன் செய்தால் முதலில் பதிவுக் கட்டணம். அப்புறம் ஐடி கார்டுக்கு, அப்புறம் மெடிக்கல் டெஸ்டுக்கு. கடைசியில் "மேடம் ஹோட்டலுக்கு வந்துட்டாங்க, ரூம் டெபாசிட் மட்டும் போட்டுடுங்க". போட்ட அடுத்த நிமிஷம் ஸ்விட்ச் ஆஃப். அந்த மேடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நிஜத்தில் ஆண் எஸ்கார்ட்டைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேலை தேடுகிற பையனுக்கு இது தெரியாது, ஏமாற்றுகிறவனுக்கு நன்றாகவே தெரியும். ஏமாந்தவன் ஸ்டேஷனுக்குப் போக மாட்டான் என்பதும் தெரியும்.

இன்னொரு வகை கொஞ்சம் கொடூரமானது. ஆப்பில் பேசி அறைக்கு வரச்சொல்லுவார்கள். போனால் உள்ளே இன்னும் மூன்று பேர். போனைப் பிடுங்கி, படம் எடுத்து, ஜிபே பின் கேட்டு, "வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். இதில் மாட்டுவது சில நேரம் வாடிக்கையாளர், சில நேரம் எஸ்கார்ட்.

இரண்டிலும் செய்தியைப் படித்தவர்கள் சொல்வது ஒன்றேதான். "அவனுக்கு நல்லா வேணும்."

இப்படிச் சொல்பவர்கள் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் செய்வது திருடனுக்கு சம்பளமில்லாத வேலை. ஊர் சிரிக்கும் என்ற பயம் இல்லாவிட்டால் அந்த அறைக்குள் இருக்கும் மூன்று பேருக்கும் பிழைப்பே இல்லை. புகார் கொடுக்காத ஒவ்வொருவரும் அடுத்தவனைப் பிடிக்க அவர்களுக்கு முதலீடு போட்டுத் தருகிறார். வணிகவியல் படிப்பவர்களுக்காவது இந்தக் கணக்கு புரிய வேண்டாமா?

வெள்ளைக்காரனுக்கே இது புரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 377-ஆம் பிரிவை எழுதிய அதே 1860-ஆம் வருட தண்டனைச் சட்டத்தில் 388, 389 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பதைப் பற்றியவை. சாதாரணமாகப் பத்து வருஷம் வரை தண்டனை. "377-இல் மாட்டிவிடுவேன்" என்று மிரட்டினால் மட்டும் ஆயுள் தண்டனை வரை போகலாம்! ஒரு கையால் கத்தியைக் கொடுத்துவிட்டு, இந்தக் கத்தியைக் காட்டித்தான் கொள்ளை நடக்கும் என்று மறு கையால் எழுதிவைத்திருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த பெரியவர்கள் விஷயத்தில் 377 செல்லாது என்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்தப் பிரிவே காணாமல் போனது. கத்தி போய்விட்டது, கொள்ளை போகவில்லை. ஏனென்றால் மிரட்டுபவன் இப்போது சட்டத்தைக் காட்டுவதில்லை, அம்மா அப்பாவின் போன் நம்பரைக் காட்டுகிறான்.

(377 முழுவதுமாகப் போனதில் இன்னொரு ஓட்டையும் விழுந்தது. புதிய சட்டத்தில் பாலியல் வல்லுறவு என்றால் பாதிக்கப்பட்டவர் பெண்தான். ஒரு வாடிக்கையாளர் ஓர் ஆணை பலவந்தப்படுத்தினால் அடிதடி, காயம் என்றுதான் வழக்குப் போட வேண்டும்.)

சரி, மரியாதை விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் என்ன மரியாதை என்று கேட்பவர்கள் காஞ்சிபுரம் பக்கம் கூரம் வரைக்கும் வந்து பார்க்கட்டும். ஏழாம் நூற்றாண்டிலேயே பரமேஸ்வரவர்ம பல்லவன் கொடுத்த நிலத்தில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று, மண்டபத்தில் பாரதம் படிப்பவர் பங்கு வரைக்கும், செப்பேட்டில் வெட்டிவைத்த ஊர் அது. பின்னால் யாரும் பேச்சு மாறக்கூடாது என்பதற்குத்தான் செப்பேடு. ஆனால் அதே வட்டாரத்துத் தறிக்காரர்களின் பிழைப்பு பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார், நெய்தவர் சேலையை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார், பேசிய கூலியை வாங்குகிறார். சேலையை மடித்துக் கையில் கொடுத்தபிறகு, "கரையில் குறை இருக்கு, ஐந்நூறு கம்மியா வாங்கிக்கோ" என்று முதலாளி ஆரம்பித்தால் நெய்தவருக்கு வயிறு எரியும். தப்பு யார் பக்கம் என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. நெய்த நாட்களை அவர் திரும்ப வாங்க முடியாதே!

ஓர் ஆண் எஸ்கார்ட்டிடம் எல்லாம் முடிந்தபின் பேரம் பேசும் வாடிக்கையாளர் செய்வது அச்சு அசலாக இதைத்தான். மோசடி என்றதும் எல்லோருக்கும் எஸ்கார்ட் ஏமாற்றுவது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. போட்டோவில் ஒருவர், நேரில் வேறொருவர். முன்பணம் வாங்கிவிட்டு ஆளே காணோம். இதெல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பேசிய காசில் பாதியை நீட்டிவிட்டு "மீதி வேணும்னா போலீஸைக் கூப்பிடு" என்று சிரிப்பவர் எந்தக் கணக்கில் வருவார்? வெளியே அவர் கௌரவமான மனிதர், குடும்பஸ்தர். அந்தக் கௌரவத்தை அடுத்தவன் கழுத்தில் வைத்து அழுத்தத் தெரிந்தவர்.

இந்த உலகத்தில் எழுதாத விதிகள் ஒன்றும் பிரமாதமான ரகசியம் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எது உண்டு, எது கிடையாது என்பதை முன்னாலேயே வெளிப்படையாகப் பேசுவது. காசை உள்ளே வந்ததும், கேட்க விடாமல், கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுவது. குளித்துவிட்டு இருப்பது, குடித்துவிட்டு இல்லாமல் இருப்பது. ஆணுறை விஷயத்தில் பேரமே கூடாது. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். இத்தனை வருஷம் கழித்தும் "இருநூறு ரூபாய் கூட தரேன், வேண்டாம்னு சொல்லு" என்று கேட்பவர் உயிருக்கு இருநூறு ரூபாய் விலை வைக்கிறார். போனை எடுத்துப் படம் பிடிக்கக்கூடாது. உண்மையான பெயர் என்ன, வீடு எங்கே என்று துருவக்கூடாது. பிறகு கூப்பிட்டுத் தொல்லை செய்யக்கூடாது.

இவை எல்லாவற்றிலும் கஷ்டமானது காஞ்சிபுரம் மாதிரி ஊர்களுக்கே உரியது. பஸ் ஸ்டாண்டில், பட்டுக்கடை வாசலில், கருட சேவைக் கூட்டத்தில் எதிரெதிரே பார்த்துவிட்டால் தெரியாத மாதிரி போய்விடுவது. நான்கு தெரு தாண்டினால் சித்தப்பா வீடு வந்துவிடும் ஊரில், பார்த்தும் பார்க்காத அந்த ஒரு நொடியை நம்பித்தான் இரண்டு பேரும் வீடு திரும்புகிறார்கள். எந்த ஒப்பந்தத்திலும் எழுதமுடியாத நம்பிக்கை அது.

"இதையெல்லாம் முறைப்படுத்தினால் தொழில் வளர்ந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. இந்தத் தொழிலுக்குக் கணக்கு வழக்கு பார்த்தது நேற்று முந்தாநாள் இல்லை. அர்த்தசாஸ்திரத்தில் கணிகையருக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. காசை வாங்கிக்கொண்டு மறுத்தால் இரண்டு மடங்கு அபராதம். அரசு அவர்களிடம் வரியும் வாங்கியது. வரி வாங்கியவன் வழக்கையும் கேட்டான். இன்றைய அரசு என்ன செய்கிறது? வருமான வரித் தாளில் பியாரா சிங் வழக்கு வருமே, 1980. எல்லை தாண்டும்போது 65,500 ரூபாயோடு பிடிபட்ட கடத்தல்காரரின் வழக்கு. கடத்தலையும் ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டு, பறிமுதலான பணத்தை நஷ்டமாகக் கழிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதாவது சட்டவிரோதமாகச் சம்பாதித்தாலும் வரி கட்ட வேண்டும். வரி கேட்கும்போது உறுத்தாத ஒழுக்கம், பாக்கியைக் கேட்டு வந்தால் மட்டும் உறுத்துமாம்.

இத்தனைக்கும் இந்தத் தொழிலை ஒருவர் தன் விருப்பத்தோடு செய்வது குற்றம் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 1956-ஆம் வருடச் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டபோது ஆண்களும் அதற்குள் வந்தார்கள். விடுதி நடத்துவது, தரகு பார்ப்பது, பொது இடத்தில் ஆள் அழைப்பது, இவை போன்றவைதான் குற்றங்கள். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைப் போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும், வாயாலும் கையாலும் துன்புறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. (பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது போக்சோ.) குற்றமே இல்லாத ஒன்றுக்குப் பேசிய கூலியைக் கேட்டால் மட்டும் செல்லாதாம். என்ன லாஜிக்கோ!

நியூசிலாந்தில் 2003-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பாலியல் சேவைக்கான ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்று ஆகாது, பாக்கியைக் கேட்டு வழக்குப் போடலாம். அதே சமயம், ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நொடியிலும் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உண்டு. ஜெர்மனியில் 2002 முதல் பேசிய கட்டணம் சட்டப்படி கேட்கக்கூடிய கடன். நேர்மாறாக அமெரிக்காவில் 2015-இல் ரென்ட்பாய் என்ற தளத்தை மூடினார்கள். ஆண் எஸ்கார்ட்கள் அங்கே காசு கட்டி விளம்பரம் செய்துவந்தார்கள். நடத்தியவருக்கு 6 மாதம் சிறை. ஒரு தளத்தை மூடலாம், அதனால் தொழிலா நின்றுவிடும்? ஆளை விசாரித்துப் பார்க்க இருந்த ஓர் இடம்தான் போகும்.

பட்டுச் சந்தையில் போலி நுழைந்தபோது யாரும் "பட்டு கட்டறவங்களுக்கு நல்லா வேணும்" என்று சொல்லவில்லை. 2004-இல் சில்க் மார்க் கொண்டுவந்தார்கள், காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கினார்கள். போலியால் ஏமாறுவது வாங்குபவர் மட்டும் இல்லை, நேர்மையாக நெய்பவரும்தான் என்று தெரிந்திருந்தது. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதி, 2001-இல் நோபல் வாங்கியதும் கிட்டத்தட்ட இந்த விஷயத்துக்குத்தான். நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க வழி இல்லாத சந்தையில் நல்லவர்தான் முதலில் வெளியேறுவார். அப்புறம் அந்த அறையில் மிச்சம் இருப்பது யார்? அதே மூன்று பேர்.

ஒப்பந்தச் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. மிரட்டிப் பணம் பறிப்பது புதிய சட்டத்தில் 308-ஆம் பிரிவு, ஏமாற்றுவது 318. பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பிரிவுகளில் பறிகொடுத்தவர் யோக்கியரா என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. புகாரில் முக்கியமாகத் தேவைப்படுவது எவ்வளவு தொகை, எந்தத் தேதி, எத்தனை மணி, பரிவர்த்தனை எண், எதிராளியின் நம்பர். "எதுக்குப்பா அங்க போன?" என்ற கேள்வியை ஸ்டேஷனில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கேட்டால் 2022 தீர்ப்பின் தேதியைச் சொல்லலாம்.