தவிட்டுக்குருவிக்குச் சாப்பாடு சருகுக்கடியில இருக்கு

"தோட்டத்துக்குக் குருவி வரணும், என்ன தீனி போடலாம்?" என்று இயற்கை வேளாண்மைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார். கையில் பொட்டுக்கடலைப் பொட்டலம். தோட்டத்து மூலையில் சருகுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. "முதல்ல அந்தத் தீயை அணைங்க தம்பி" என்றேன்.

அவர் கேட்டது தவிட்டுக்குருவியைப் பற்றி. மைனா அளவு இருக்கும். உடம்பு தவிட்டு நிறம், உச்சந்தலை வெளுத்திருக்கும். அலகு மஞ்சள், கண் வெளிறிய நிறம். அதிக தூரம் பறக்காது, தத்தித் தத்தித்தான் போகும். தனியாக வராது, ஏழெட்டு சேர்ந்து ஒரே கூச்சலோடு வரும். பறவைப் புத்தகத்தில் வெண்தலைச் சிலம்பன் என்று பெயர். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. தினமும் பார்க்கிறதால நமக்கு அருமை தெரியல.

அது இரை தேடுவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒன்று கிளையில் காவல் இருக்கும். மற்றவை சருகை அலகால் புரட்டிப் போட்டு வண்டு, கரையான், வெட்டுக்கிளி, புழு என்று பொறுக்கும். வல்லூறு வந்தால் காவல் குருவி கத்தும்; எல்லாம் புதருக்குள் ஓடிவிடும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத் தாய் தகப்பன் மட்டுமில்லை, கூட்டத்தில் உள்ள மற்றவையும் பூச்சி கொண்டுவந்து ஊட்டும். அந்த இடத்தில் பொட்டுக்கடலையும் மிக்சரும் என்ன செய்யும்? எலியும் காக்காயும்தான் கூடும்.

நானும் பல வருசம் சருகைக் கூட்டி எரித்தவன்தான். 'சுத்தமான தோப்பு' என்று ஊரில் பேர் வேறு. அந்தச் சுத்தத்தில் குருவி தின்ன ஒன்றுமே இல்லை. மரத்தடியில் மூடாக்காக விட ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் வந்தது. இப்போது "குப்பைக்காடு" என்கிறார்கள். சொல்லட்டும். ஈரம் நிற்கிறது, மண்புழு இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இது நம் கூலியாள் இல்லை. தீமை செய்யும் பூச்சியோடு நமக்கு உதவும் சிலந்தியையும் தின்னும். பாத்தி மூடாக்கைக் கலைத்தும் போடும். மறுபடி இழுத்து விட்டால் போச்சு. லாபக் கணக்குப் பார்த்து மட்டும் உயிர்களுக்கு இடம் கொடுப்பது நம் வழி இல்லையே.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சருகை எரிக்காதீங்க. பூச்சிமருந்து அடிக்காதீங்க. வேலியில் நாலு புதரை வெட்டாமல் விடுங்க. வெயில் காலத்தில் ஆழமில்லாத மண்சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி வையுங்க; குடிக்கும், குளிக்கும்.

அந்தத் தம்பி தீயை அணைத்துவிட்டார். பொட்டுக்கடலையை நாங்கள் ரெண்டு பேரும் தின்றோம்.