துடைப்பம் வாங்கும் விவேகம்

பட்டுப் புடவை வாங்கும்போது கரையையும் இழையையும் பத்துத் தடவை பார்க்கிறோம். தினந்தோறும் கையிலெடுக்கும் துடைப்பத்தை மட்டும் கடைக்காரர் நீட்டியபடியே வாங்கி வருகிறோம். இது விவேகமாகாது.

தரைக்குத் தக்க துடைப்பம் வேண்டும். வாசலுக்கும் முற்றத்துக்கும், நீர் விட்டுக் கழுவும் இடங்களுக்கும் தென்னை ஈர்க்குத் துடைப்பமே உகந்தது. வழவழப்பான கூடத்தில் அதனால் பெருக்கினால் குப்பை போகும். நுண்ணிய புழுதி அப்படியே தங்கிவிடும். அங்கே வேண்டியது பூந்துடைப்பம். மேகாலயா, அஸ்ஸாம் முதலிய மலைப் பிரதேசங்களில் விளையும் ஒருவகைப் புல்லின் பூங்கதிர்களே அது. அதை ஈரத்தில் படவிடலாகாது. புதிதில் பூ உதிருமாதலால், வெளியே நன்றாகத் தட்டி உதறிய பின்னரே உபயோகிக்க வேண்டும்.

வாங்குமுன் ஓர் ஈர்க்கை இழுத்துப் பாருங்கள். எளிதில் கையோடு வந்தால் கட்டு தளர்ந்ததென்று அறியலாம்.

இவற்றினும் முக்கியமானது பெருக்குகிறவரின் முதுகு. குட்டைத் துடைப்பம் அதை நாள்தோறும் வளைக்கிறது. அநேக வீடுகளில் அது தாயின் முதுகு, அல்லது மனைவியின் முதுகு, அல்லது கூலிக்கு வேலை செய்யும் பெண்ணின் முதுகு. ஈர்க்குக் கட்டை நீண்ட மூங்கிற் கழியில் இறுகக் கட்டிவிட்டால் நிமிர்ந்து நின்றே பெருக்கலாம். நின்று பெருக்குவது சோம்பல் என்று சொல்லும் ஆடவர், ஒரு வாரம் தாமே குனிந்து பெருக்கிப் பார்க்கட்டும். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. 1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸில் காந்தியடிகளே துடைப்பம் கேட்டு வாங்கிக் கக்கூஸைச் சுத்தம் செய்தார். அவ்வாறு பெருக்கிப் பார்த்தபின் அவர்கள் கடைக்குச் சென்றால், கழியின் நீளத்தையே முதலில் அளப்பார்கள் என்பது நமது நம்பிக்கை.