ஊட்டிக்குப் போனோம், முத்தோரைக்குப் போகலை

போன வருஷ ஐ.வி. ஞாபகம் இருக்கா மக்களே? பர்மிஷன் லெட்டர்ல 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. நாம பார்த்தது பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ரெண்டு சாக்லேட் கடை. அதே ஊட்டியில முத்தோரைன்னு ஒரு இடம் இருக்கு. அங்க டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்குன்னு பஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

"அது பிசிக்ஸ்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?"ன்னு கேட்பீங்க. இல்லைங்க, பாதிக்கு மேல நம்ம சமாச்சாரம்தான்.

விண்வெளியிலிருந்து அதிவேகமா வர்ற ஒரு புரோட்டான் காற்றுல மோதினா, அது உடைஞ்சு லட்சக்கணக்கான துகள்களா மழை மாதிரி தரையில விழும். அதைப் பிடிக்க முத்தோரையில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு நடக்குது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துல, 8 மீட்டர் இடைவெளியில சுமார் 400 டிடெக்டர்கள். ஒவ்வொண்ணுலயும் 1 சதுர மீட்டர் சிண்டிலேட்டர் பிளாஸ்டிக். துகள் பட்டா அது லேசா ஒளிரும், அந்த ஒளி மின்துடிப்பா மாறும். எந்த டிடெக்டர் எத்தனை நானோசெகண்ட் முன்னாடி அடிச்சுதுன்னு பார்த்தா மழை வந்த திசை தெரியும். மொத்தம் எத்தனை துகள்னு எண்ணினா ஆற்றல் தெரியும். பல்ஸ், டைமிங், டேட்டா அக்விசிஷன்... நம்ம சிலபஸ்ல இல்லாதது இதுல எது? சிண்டிலேட்டரையும் எலெக்ட்ரானிக்ஸையும் பெரும்பாலும் அவங்களே செஞ்சுக்கிட்டாங்கங்கிறதுதான் என்னை அசத்தின விஷயம்.

நான் நெய்வேலி டவுன்ஷிப் பையன். எங்க ஊர்ல 'ஓவர்பர்டன்'னா சின்னக் குழந்தைக்கும் தெரியும். நிலக்கரிக்கு மேல 50 மீட்டருக்கும் அதிகமா கிடக்குற மண். அதை ராட்சத பக்கெட் வீல் இயந்திரம் வெட்டி வெட்டி அகற்றினாதான் கரி கிடைக்கும். இந்தத் துறையிலும் அதே வார்த்தைதான், ஆனா வேலை தலைகீழ். இங்க மேலே பாரம் இருக்கணும். முத்தோரையில 560 சதுர மீட்டர் மியூவான் டிடெக்டர் மேல 2 மீட்டர் கான்கிரீட் போட்டிருக்காங்க. மத்த துகள்கள் அதுல பெரும்பாலும் அடங்கிடும், ஊடுருவி வர்றது மியூவான் மட்டும்தான். இன்னும் பெரிய பாரம் தேவைப்பட்டப்போ கோலார் தங்கச் சுரங்கத்துல 2 கிலோமீட்டருக்கும் கீழே போனாங்க. 1965ல் வளிமண்டல நியூட்ரினோ அங்கதான் பதிவாச்சு. சுரங்க ஊர்ல பிறந்தும் இதை யாரும் எனக்குச் சொல்லலையேன்னு வருத்தமா இருந்துச்சு.

"சரி, இதனால என்ன பிரயோஜனம்?" 2014 டிசம்பர் 1 அன்னிக்கு ஊட்டிக்கு மேல ஒரு இடிமேகம். மியூவான் எண்ணிக்கை 18 நிமிஷத்துக்கு சுமார் 2 சதவீதம் குறைஞ்சுது. அந்தக் குறைவை வச்சு மேகத்துக்குள்ள இருந்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட்னு கணக்குப் போட்டாங்க. 2019ல் வெளிவந்த முடிவு இது. நெய்வேலியிலிருந்து கிளம்புற பெரிய டவர் லைன் 4 லட்சம் வோல்ட். அதைப்போல 3,000 மடங்குக்கு மேல! பலூனோ விமானமோ அனுப்பாம, தரையில உட்கார்ந்து எண்ணியே கண்டுபிடிச்சிருக்காங்க.

இப்போ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க டீமோட மினி புராஜெக்ட் ஒரு புராஜெக்ட் சென்டர்ல வாங்கினதுதான். ரிப்போர்ட், பிபிடி, கிட் எல்லாம் ஒரே பையில. வைவால "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?"ன்னு கேட்டதும் நாலு பேரும் தரையைப் பார்த்தோம். மார்க் வந்துச்சு. ஆனா அந்த ரெசிஸ்டர் எதுக்குன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

பிளேஸ்மென்ட் டென்ஷன், நேரமில்லை, கைடுக்கும் ஆயிரம் வேலை. எல்லாம் ஒத்துக்கறேன். காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. 'காஸ்மிக் வாட்ச்'னு அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஆரம்பிச்ச ஒரு மாணவர் திட்டம் இருக்கு. கையடக்க மியூவான் டிடெக்டர்: சின்ன சிண்டிலேட்டர் துண்டு, சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர், ஆர்டுயினோ. சர்க்யூட், கோட் எல்லாம் இலவசம். செலவு சுமார் 100 டாலர்னு அவங்களே கணக்கு சொல்லியிருக்காங்க. நாலு பேர் பகிர்ந்தா சமாளிக்கலாம். ரெண்டு டிடெக்டரை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல அடிச்சா மட்டும் எண்ணணும். செகண்ட் இயர் லேப்ல போட்ட அதே ஆண்ட் கேட்தான்.

அதை வச்சு என்ன அளக்கலாம்? காற்றழுத்தம் குறைஞ்சா தரைக்கு வர்ற மியூவான் கொஞ்சம் கூடும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்தப்போ எங்க டவுன்ஷிப்ல மரமெல்லாம் சாய்ஞ்சு கிடந்தது. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில காற்றழுத்தத் தாழ்வு நம்ம கரையைத் தேடி வருது. அதைத் துகள் எண்ணிப் பார்க்கலாமே! மாற்றம் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். நாள் கணக்கா எண்ணணும், பிழை எவ்வளவுன்னு போடணும். மேத்ஸ் பேப்பர்ல மனப்பாடம் பண்ணின பாய்சான் அப்போதான் புரியும்.

டிபார்ட்மென்டுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஐ.வி.க்கு முத்தோரைக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதுங்க. கிடைக்கலைன்னாலும் கேட்டதாவது இருக்கும்.

எங்க டீம்ல மூணு பேர் முடிவு பண்ணிட்டோம். சாலிடரிங் நல்லா தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். மழைக்கு முன்னாடி வந்தா நல்லது.