அனைவர்க்கும் உரிய பேருந்து

பொது என்னும் சொல் சிறியது. அதன் பொருளோ பெரியது. பொதுக்கிணறு என்றால் அதில் நீர் முகக்க ஊரார் அனைவர்க்கும் உரிமை உண்டு. பொதுச்சாலை என்றால் அதில் நடந்து செல்ல எவரும் எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் நாட்டில் ஒரு காலத்தில் மக்களுள் ஒரு பகுதியினர் கிணற்றையும் குளத்தையும் சாலையையும் பயன்படுத்தாதவாறு தடுக்கப்பட்டனர். அக்கொடுமை அறமன்று என உணர்ந்தமையாற்றான், 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அத்தகைய வேற்றுமையை வெளிப்படையாக விலக்கிற்று. இன்று நம் தெருக்களில் ஓடும் பேருந்தும் பொதுவுடைமையே. அதில் சிலர் ஏறவே இயலாது என்னும் நிலை இருக்குமாயின், அதனைப் பொதுப்பேருந்து என்று அழைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

சக்கர நாற்காலியில் அமர்ந்து இயங்கும் மக்களின் நிலை இதுவே. அவர்களை ஏறாதே என்று எவரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால், வாயிலில் உள்ள படிகள் அச்சொல்லைச் சொல்லாமற் சொல்லுகின்றன. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளிகள் நகரச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். இது நல்ல ஏற்பாடே. ஆயினும் மூன்று படிகளைக் கடந்து ஏற இயலாத ஒருவர்க்குக் கட்டணமில்லாச் சீட்டினால் யாது பயன்? அவர் கல்லூரிக்கோ, மருத்துவமனைக்கோ, அலுவலகத்திற்கோ செல்ல வேண்டுமாயின், மிகுந்த பொருள் கொடுத்துத் தனி வண்டி அமர்த்த வேண்டும். அன்றேல் பிறர் தம்மைத் தூக்கி ஏற்றுமாறு இரக்க வேண்டும். இரண்டும் இயலாதெனின் வீட்டிலேயே அடங்கிக் கிடக்க வேண்டும். படிப்பும் பிழைப்பும் நட்பும் பேருந்துப் படியோடு நின்றுவிடுகின்றன.

இக்குறை எங்குள்ளது என்பதைச் சிறிது ஆராய்வோம். பலரும் அது ஏற இயலாதவருடைய உடலில் உள்ளது எனக் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. பழைய அமைப்பில் கட்டப்பட்ட பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கெனச் சாய்தளம் அமைப்போர், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் எனக் கணக்கிடுவர். அக்கணக்கின்படி 90 சென்டிமீட்டர் உயரத்தை எட்ட, 10 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய சாய்தளம் வேண்டும். அதனை எந்தப் பேருந்தும் சுமந்து செல்ல இயலாது. ஆகவே, உயர்ந்த தளமுடைய வண்டியை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் வழி தேடுவது வீண் முயற்சியாகும்.

தாழ்தளப் பேருந்தின் அமைப்பு வேறு. அதன் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரமே உடையது. நிறுத்தத்தின் நடைமேடை 15 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பின், எஞ்சிய உயரம் 25 சென்டிமீட்டரே. நிறுத்தத்தில் நின்றதும் வண்டி ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும் பொறியமைப்பும் இத்தகைய பேருந்துகளில் உண்டு. அதன்பின், வாயிலில் மடித்து வைக்கப்பட்டுள்ள குறுகிய சாய்பலகையை விரித்தால் போதும். சிறிது துணையோடு நாற்காலி உள்ளே சென்றுவிடும். அதனை நிறுத்திப் பட்டையால் பிணைத்துக்கொள்ளவும் உள்ளே இடம் உண்டு. அதே மனிதர், அதே நாற்காலி. மாறியது வண்டி மட்டுமே. குறை எங்கிருந்தது என்பது இப்போது விளங்கும் அன்றோ?

இம்மாற்றம் எங்கும் தானாக வந்துவிடவில்லை. அமெரிக்க நாட்டின் டென்வர் நகரில், 1978-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள், மாற்றுத்திறனாளிகள் 19 பேர் நாற்சந்தி ஒன்றில் பேருந்துகளைச் சூழ்ந்து நின்று மறித்தனர். சிலர் நாற்காலியினின்றும் இறங்கிச் சாலையிலேயே படுத்தனர். இரவெல்லாம் அங்கேயே தங்கி, மறுநாளும் தம் அறப்போரைத் தொடர்ந்தனர். அவர்கள் கேட்டது தனிச் சலுகையன்று. தம் ஊர்ப் பேருந்தில் தாமும் ஏற வேண்டும் என்பதே. 1990-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம், புதிதாக வாங்கும் பேருந்துகள் யாவும் சக்கர நாற்காலி ஏறத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என விதித்தது. இலண்டன் மாநகரில், பழம்பெருமை கருதி ஓட்டப்பட்ட சில வண்டிகள் நீங்கலாக, பேருந்துகள் அனைத்தும் 2005-ஆம் ஆண்டின் இறுதிக்குள் தாழ்தள வண்டிகளாயின.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பேருந்துகளை ஏற்றவாறு அமைக்கச் சொல்லிற்று. ஆயினும், பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என ஒரு தொடரையும் அதனுடன் சேர்த்தது. அத்தொடரே பலர்க்குத் தயங்கி நிற்கும் நிழலாயிற்று. 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனினும் தெளிவாகப் பேசுகிறது. பேருந்து, நிறுத்தம், சாலை ஆகிய மூன்றும் அவர்கள் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்கிறது. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் வழக்காடினர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 58 தாழ்தளப் பேருந்துகள் அந்நகரில் ஓடத் தொடங்கின. 2025-இல் மின்னாற்றலால் இயங்கும் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. தொடக்கம் நன்று. எனினும், ஏனைய ஊர்களில் ஓடும் பேருந்துகளுட் பெரும்பாலானவை இன்னும் உயர்ந்த படிகளை உடையனவே.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். சக்கர நாற்காலியில் வருவோர் மிகச் சிலரே. அச்சிலருக்காக இத்துணைச் செலவு தகுமோ என்பர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் நடமாட்டக் குறைபாடு உடையோர் 54 இலட்சம் பேர். இவர்கள் பேருந்து நிறுத்தத்தில் காணப்படாமைக்குக் காரணம், இவர்கள் இல்லாமையன்று. ஏற இயலாது என அறிந்து வாராமையே. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் நின்று, இவ்வழியே கடப்பார் எவருமிலர், ஆதலின் பாலம் வேண்டா என்பது போன்றது இவ்வாதம். அன்றியும், தாழ்ந்த தளத்தால் பயன் பெறுவோர் இவர்கள் மட்டுமல்லர். முதியோரும், கருவுற்ற தாய்மாரும், குழந்தையை இடுப்பில் ஏந்தியவரும், கூடை சுமந்து சந்தைக்குச் செல்வோரும் அதில் எளிதில் ஏறி இறங்குவர்.

சாலைகள் மேடு பள்ளமாயுள்ளன. மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. தாழ்ந்த வண்டி அங்கு எப்படி ஓடும் என்பது மற்றொரு மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இதற்குத் தீர்வு, சாலையைச் செப்பனிடுதலும் வேகத்தடைகளை முறைப்படி அமைத்தலுமே ஆகும். செப்பமான சாலை எல்லார்க்கும் நலம் தருவது. சாலையின் குறைக்காக மனிதரின் உரிமையைக் குறைத்தல் முறையாகாது.

வண்டியை மாற்றுவதோடு கடமை முடிந்துவிடாது. நடைபாதையில் கடைகளும் இருசக்கர வண்டிகளும் நிறைந்திருந்தால், நாற்காலி நிறுத்தம் வரை வருவதெங்ஙனம்? ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால், சாய்பலகை எதன்மேல் படியும்? நடத்துநர் அதனை விரிக்கும் முன்னரே பயணிகள் பொறுமையிழந்து முணுமுணுத்தால், ஏற வந்தவர் மனம் என்ன பாடுபடும்? ஆகவே, வண்டி செய்வோர் தொடங்கி வண்டியில் அமர்வோர் வரை அனைவர்க்கும் இதில் பங்கு உண்டு.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளராவீர்கள். சிலர் அரசு அலுவலராவீர்கள். சிலர் பேருந்து ஓட்டுநராவீர்கள். உங்களுள் சிலர் இப்போதே சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவராகவும் இருக்கலாம். முதுமை வந்தால் எல்லாக் கால்களும் தளரும் என்பதையும் மறவாதீர்கள். பேருந்து வாங்கப்படும்போதும், நிறுத்தம் கட்டப்படும்போதும், இதில் எவர் ஏற இயலாது என்னும் கேள்வியை முதலிற் கேளுங்கள். இன்று நீங்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. உங்கள் மிதிவண்டியை நடைபாதையில் நிறுத்தாதீர்கள்; நாற்காலிக்கென விடப்பட்ட இடத்தில் பையை வைத்து அடைக்காதீர்கள்; ஒருவர் ஏறுவதற்கு வேண்டும் இரண்டு நிமிடத்தை மனமுவந்து அளியுங்கள்.